வாடகை வீடுகளை விற்றுவிட்டு வேறு ஊரில் வாங்கலாமா?

அல்ஹம்துலில்லாஹ். புகழனைத்தும் அல்லாஹ்வுக்கே உரியது. அவனுடைய தூதர் முஹம்மது நபி (ஸல்) அவர்கள் மீதும், அவர்களின் குடும்பத்தார் மீதும், தோழர்கள் மீதும் ஸலவாத்தும் ஸலாமும் உண்டாகட்டும்.

 

சில வாரங்களுக்கு முன் இஷா தொழுகை முடிந்ததும் ஒரு சகோதரர் காத்திருந்து பேசினார். இருபத்தாறு வருடம் சவூதியில் உழைத்தவர். மேலப்பாளையத்தில் ஆறு சென்ட் இடத்தில் ஏழு காம்பவுண்டு வீடுகள் கட்டி வாடகைக்கு விட்டிருக்கிறார். கீழே நான்கு, மாடியில் மூன்று. குடியிருப்பவர்களில் பெரும்பாலோர் பீடி சுற்றும் குடும்பங்கள். பிள்ளைகள் இருவரும் சென்னையில் இருக்கிறார்கள். இவருக்கு அறுபத்து மூன்று வயது, மூட்டு வலி. மோட்டார் பழுது, கூரைக் கசிவு, வாடகை பாக்கி என்று தினமும் ஒரு பஞ்சாயத்து. “ஹஜ்ரத், எல்லாத்தையும் வித்துட்டு சென்னையில ரெண்டு பிளாட் வாங்கிப் போட்டுரலாமா? மார்க்கத்துல தடை இருக்கா?” என்று கேட்டார்.

தடை இல்லை என்று ஒரே வரியில் சொல்லி அனுப்பியிருக்கலாம். ஆனால் அவர் தயங்கி நின்ற விதத்தைப் பார்த்தபோது, அவர் கேட்க வந்தது அந்த ஒரு வரியை மட்டுமல்ல என்று தோன்றியது. அவருடைய அனுமதியோடு, பெயர் சொல்லாமல், அந்தக் கேள்வியை இன்று உங்கள் முன் வைக்கிறேன். உங்களிடம் ஏழு வீடு இல்லாமல் இருக்கலாம். ஒரு வீடு, ஒரு கடை, வாப்பா விட்டுச் சென்ற ஒரு துண்டு மனை இருந்தாலும் இது உங்களுக்கான பேச்சுதான்.

முதலில் தெளிவாகச் சொல்லிவிடுவோம். வீட்டை வாடகைக்கு விட்டுச் சம்பாதிப்பது ஹலால். அதை விற்பது ஹலால். விற்ற பணத்தில் வேறு ஊரில் வாங்குவதும் ஹலால். தலைமுறை தலைமுறையாக ஒரே இடத்தைக் கட்டிக்கொண்டு இருக்க வேண்டும் என்று மார்க்கம் யாரையும் கட்டாயப்படுத்தவில்லை.

அதே நேரத்தில் இது சம்பந்தமாக ஒரு ஹதீஸ் இப்னு மாஜாவில் வருகிறது. வீட்டை விற்றவர் அந்தக் கிரயத்தை அதைப் போன்ற இன்னொன்றில் போடவில்லையென்றால் அதில் அவருக்கு பரக்கத் இருக்காது என்பது அதன் கருத்து. அதன் அறிவிப்பாளர் தொடரைப் பற்றி ஹதீஸ் அறிஞர்களிடையே பேச்சு உண்டு. சிலர் பலவீனமானது என்றும், சிலர் ஏற்கத்தக்கது என்றும் சொல்லியிருக்கிறார்கள். ஆனால் அது சொல்லும் விஷயத்தை நாம் எல்லோருமே கண்ணால் பார்த்திருக்கிறோம். இடம் விற்ற பணம் வங்கிக்கு வந்த மறுமாதம் ஒரு கார் வருகிறது. அடுத்த மாதம் மச்சான் தொழிலுக்குக் கொஞ்சம் போகிறது. அதற்கடுத்து ஒரு கல்யாணம். மூன்று வருடம் கழித்துப் பார்த்தால் இடமும் இல்லை, பணமும் இல்லை.

இதற்கு மறுபக்கமும் ஒரு எச்சரிக்கை திர்மிதியில் வருகிறது. சொத்துகளைச் சேர்ப்பதிலேயே இறங்கிவிடாதீர்கள், உலக மோகத்தில் விழுந்துவிடுவீர்கள் என்ற கருத்தில் நபி (ஸல்) அவர்கள் தடுத்தார்கள். இரண்டையும் சேர்த்துப் பாருங்கள். சொத்தைக் கரைத்துவிடாதே என்கிறது ஒன்று. சொத்திலேயே கரைந்துவிடாதே என்கிறது மற்றொன்று.

ஆகவே அந்தச் சகோதரர் விற்று, அதற்கு நிகரான இன்னொரு சொத்தில் போட நினைப்பதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. கேள்வி அங்கே இல்லை. விற்க நினைக்கும் அந்தச் சொத்தில் யார் யாருடைய ஹக்கு ஒட்டிக்கொண்டிருக்கிறது என்பதுதான் கேள்வி. பணத்தைச் சென்னைக்குக் கொண்டு போய்விடலாம். அந்த ஹக்குகளை மேலப்பாளையத்தில் விட்டுவிட்டுப் போக முடியாது. அவை மறுமை வரை கூடவே வரும்.

இடம் யாருடையது?

அவர் ஒரு தாளில் கணக்கு எழுதி வைத்திருந்தார். இடம் 60 லட்சம், கட்டடம் 30 லட்சம், மொத்தம் 90 லட்சம். நான் ஒன்றே ஒன்று கேட்டேன். “பாய், இந்த ஆறு சென்ட் நீங்க வாங்குனதா?”

கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, “வாப்பாவோடது. கட்டடம் நான் போட்டது” என்றார்.

“கூடப் பிறந்தவங்க?”

“ஒரு தங்கச்சி. அவளுக்கு நகை போட்டு, சீர் செஞ்சு, கல்யாணம் நான்தான் பண்ணி வச்சேன்.”

சகோதரர்களே, இந்தப் பதிலை நம் ஊர்களில் எத்தனை வீடுகளில் கேட்டிருக்கிறோம்! தங்கைக்கு நகை போட்டது நல்ல காரியம். அதற்கு அல்லாஹ்விடம் கூலி உண்டு. ஆனால் அது வாரிசுப் பங்கு ஆகாது. பெற்றோர் விட்டுச் சென்றதில் ஆண்களுக்கும் பங்கு உண்டு, பெண்களுக்கும் பங்கு உண்டு, அது குறைவாக இருந்தாலும் அதிகமாக இருந்தாலும் சரி, அது விதிக்கப்பட்ட பங்கு என்று சூரா அந்நிஸாவின் 7-வது வசனத்தில் அல்லாஹ் சொல்கிறான். 11-வது வசனத்தில், மகனுக்கு இரண்டு பங்கு, மகளுக்கு ஒரு பங்கு என்று அளவையும் அவனே சொல்லிவிட்டான். அந்தச் சகோதரரின் தாயார் முன்பே வஃபாத்தாகிவிட்டார்கள். வாரிசுகள் ஒரு மகன், ஒரு மகள் மட்டுமே. அப்படியானால் ஆறு சென்ட்டில் இரண்டு சென்ட் தங்கையுடையது. வாப்பா மவ்த்தான அன்றே அது அவருடையதாகிவிட்டது. அண்ணன் மனது வைத்துக் கொடுக்கும் அன்பளிப்பு அல்ல அது.

இப்போது அந்தத் தாளை மறுபடி பாருங்கள். இடத்தின் 60 லட்சத்தில் 20 லட்சம் தங்கையின் பணம். அவருடையது 70 லட்சம்தான். இரண்டு பிளாட் என்று அவர் போட்ட கணக்கில், ஒன்றின் பாதி அவருக்கே தெரியாமல் தங்கையின் பணத்தில் நிற்கிறது.

அநியாயமாக ஒரு சாண் நிலத்தை எடுத்துக்கொண்டவனின் கழுத்தில் ஏழு பூமிகளிலிருந்தும் அது மாலையாக மாட்டப்படும் என்று நபி (ஸல்) அவர்கள் எச்சரித்த ஹதீஸை நாம் எல்லோரும் கேட்டிருக்கிறோம். அதைக் கேட்கும்போது, வேலியைத் தள்ளிப் போடும் அடுத்த வீட்டுக்காரன்தான் நம் நினைவுக்கு வருகிறான். தங்கையின் பங்கு மேல் வீடு கட்டி வாடகை வாங்கும் நாம் நம் நினைவுக்கு வருவதில்லை.

“அவதான் விடுதலைப் பத்திரத்துல கையெழுத்துப் போட்டுட்டாளே” என்று சிலர் சொல்வார்கள். உங்களையே கேட்டுப் பாருங்கள். தன் பங்கு இவ்வளவு என்று தெரிந்து, அது கைக்கு வரும் என்ற நிலையில் மனம் விரும்பிப் போட்ட கையெழுத்தா? அல்லது, கேட்டால் பிறந்த வீட்டு வாசல் அடைபட்டுவிடும் என்ற பயத்தில் போட்டதா? முதலாவது விட்டுக்கொடுத்தல். இரண்டாவது பறித்தல்.

இன்னொன்றும் உண்டு. பாகம் பிரிக்காத சொத்தில் அவர் பங்காளி. பங்காளிக்குத் தெரிவித்து, நீ வாங்கிக்கொள்கிறாயா என்று கேட்காமல் தன் பங்கை வெளியாருக்கு விற்பது கூடாது என்று ஜாபிர் (ரலி) அறிவிக்கும் ஹதீஸ் ஸஹீஹ் முஸ்லிமில் இருக்கிறது. ‘ஷுஃப்ஆ’ என்று ஃபிக்ஹு நூல்களில் இதற்குத் தனிப் பாடமே உண்டு. இத்தனை வருடம் வாங்கிய வாடகையில் தங்கைக்கு என்ன சேர வேண்டும் என்பதையும் ஓர் ஆலிமிடம் உட்கார்ந்து கணக்குப் பார்க்க வேண்டும். இது முடியாமல் விற்பனையைப் பற்றிப் பேசுவதற்கே இடமில்லை.

குடியிருப்பவர்கள்

அடுத்து அந்த ஏழு குடும்பங்கள். வாடகைக்கு இருப்பவருக்கு வீட்டில் சொந்தம் கிடையாது. ஆனால் ஒப்பந்தம் இருக்கிறது. ஒப்பந்தங்களை நிறைவேற்றுங்கள் என்பது சூரா அல்மாயிதாவின் முதல் வசனத்தில் வரும் கட்டளை.

தவணை முடியாத வாடகை வீட்டை விற்றால் என்ன ஆகும்? நம் ஊர்களில் கடற்கரையோரம் ஷாஃபி மத்ஹபினர் அதிகம், உள்நாட்டில் ஹனஃபிகள் அதிகம். ஷாஃபி மத்ஹபின்படி விற்பனை செல்லும், ஆனால் வாடகை ஒப்பந்தம் முறியாது. வாங்கியவர் தவணை முடியும்வரை பொறுத்திருக்க வேண்டும். ஹனஃபி மத்ஹபின்படி குடியிருப்பவர் சம்மதிக்கும்வரை அல்லது தவணை முடியும்வரை அந்த விற்பனை நிறுத்தி வைக்கப்படும். வழி இரண்டு, முடிவு ஒன்று: சொத்து கைமாறுகிறது என்பதற்காகக் குடியிருப்பவரைத் தெருவில் இறக்க முடியாது. நம் நாட்டின் 1882-ஆம் வருடத்துச் சொத்து மாற்றுச் சட்டமும் பழைய உரிமையாளரின் கடமைகளைப் புதியவர் மேல் ஏற்றுகிறது.

ஆனால் நடைமுறையில் என்ன செய்கிறோம்? “காலி வீடாக இருந்தால் விலை கூடும்” என்று தரகர் சொல்கிறார். உடனே மோட்டார் ரிப்பேர் ஆகிறது, யாரும் சரி செய்வதில்லை. தண்ணீர் ஒருவேளைதான் வருகிறது. திடீரென்று வாடகை ஏறுகிறது. தாங்க முடியாமல் அவர்களே காலி செய்கிறார்கள். “நான் யாரையும் வெளியே போகச் சொல்லலையே” என்கிறோம். மனிதர்களிடம் இந்தப் பதில் செல்லும். அல்லாஹ்விடம் செல்லுமா?

பீடி சுற்றும் ஒரு பெண்ணுக்கு வீடு என்பது கூரை மட்டுமல்ல. இலையும் தூளும் வாங்கி, சுற்றிய பீடியைக் கொண்டு போய்க் கொடுக்கும் கடை நடக்கும் தூரத்தில் இருக்க வேண்டும். பிள்ளையின் பள்ளிக்கூடமும் மதரஸாவும் பக்கத்தில் இருக்க வேண்டும். ஒரு மாத அவகாசத்தில் அதையெல்லாம் அவர் எங்கே போய்த் தேடுவார்? நாம் கடைசிவரை அவர்களுக்கு வீடு தர வேண்டும் என்று மார்க்கம் சொல்லவில்லை. நேரத்தோடு சொல்லுங்கள். பிள்ளைகளின் பரீட்சை முடியட்டும். வேறு வீடு பார்க்க உதவி செய்யுங்கள். முடிந்தால் அவர்களை அப்படியே ஏற்றுக்கொள்ளும் ஆளுக்கு விற்றுப் பாருங்கள்.

அட்வான்ஸ் பணத்தையும் மறக்காதீர்கள். வீட்டுக்கு 30,000 என்றால் ஏழு வீட்டுக்கு 2,10,000. அந்தப் பணம் இப்போது எங்கே இருக்கிறது என்று கேட்டேன். மகன் கல்யாணத்தில் செலவாகிவிட்டது என்றார். செலவழிந்தாலும் அது கடன்தான். சுண்ணாம்பு அடித்தோம், கதவு தேய்ந்தது என்று ஆளுக்கு ஐந்தாயிரம் பிடிப்பதற்கு முன், அது நியாயமான கணக்கா என்று யோசிக்க வேண்டும்.

ஒத்திக்கு விட்டிருப்பவர்கள் கவனியுங்கள். மொத்தமாகக் கடன் வாங்கிக்கொண்டு, அதற்குப் பகரமாக வாடகையில்லாமல் குடியிருக்க விடுவதை, கடனுக்குப் பெறும் லாபம் என்று உலமாக்கள் வட்டியில் சேர்க்கிறார்கள். விற்கும்போதாவது அதைத் தீர்த்துவிட்டு வெளியே வாருங்கள்.

பக்கத்து வீட்டுக்காரர்

புகாரியில் ஒரு சம்பவம் வருகிறது. நபி (ஸல்) அவர்களால் விடுதலை செய்யப்பட்ட அபூ ராஃபிஉ (ரலி) அவர்களுக்கு, ஸஅத் பின் அபீ வக்காஸ் (ரலி) அவர்களின் வளாகத்துக்குள் இரண்டு வீடுகள் இருந்தன. நம் பாஷையில் காம்பவுண்டு வீடுகள். அவற்றை வாங்கிக்கொள்ளும்படி ஸஅத் அவர்களிடம் கேட்டார். 4000 திர்ஹத்துக்கு மேல் தரமாட்டேன், அதுவும் தவணையாகத்தான் என்றார் ஸஅத். வெளியில் அவருக்கு 500 தீனார் தரத் தயாராக ஆள் இருந்தது. ஒரு தீனாருக்குப் பத்து திர்ஹம் என்று வைத்தாலும் 5000 திர்ஹம். இருந்தும் ஸஅத் அவர்களுக்கே கொடுத்தார். அருகில் இருப்பதால் அண்டை வீட்டாருக்கே அதிக உரிமை என்று நபி (ஸல்) அவர்கள் சொல்லக் கேட்டிராவிட்டால் இந்த விலைக்குக் கொடுத்திருக்கமாட்டேன் என்றும் வெளிப்படையாகச் சொன்னார்.

நஷ்டம் தெரியாமல் கொடுக்கவில்லை. கணக்குப் பார்த்துவிட்டு, தெரிந்தே விட்டுக்கொடுத்தார். நீங்கள் ஆயிரம் திர்ஹத்தை விட வேண்டும் என்று நான் சொல்லவில்லை. பக்கத்து வீட்டுக்காரரிடம் ஒரு வார்த்தை கேட்பதற்கு ஒரு ரூபாயும் செலவில்லை. அதைக்கூடச் செய்யாமல், பத்திரம் முடிந்த பிறகல்லவா அவருக்குத் தெரிய வருகிறது?

விற்பதிலும் வாங்குவதிலும்

விற்பவரும் வாங்குபவரும் உண்மை பேசி, குறைகளை எடுத்துச் சொன்னால் அந்த வியாபாரத்தில் பரக்கத் செய்யப்படும், மறைத்துப் பொய் சொன்னால் பரக்கத் அழிக்கப்படும் என்ற கருத்தில் ஹகீம் பின் ஹிஸாம் (ரலி) அறிவிக்கிறார்கள். மாடியில் ஓதம் இருந்தால், பாதையில் தகராறு இருந்தால், கோடையில் கிணறு வற்றுமானால் சொல்லிவிட வேண்டும். பெயிண்ட் அடித்து மறைத்த ஓதம், வாங்கியவருக்கு ஐப்பசி மழையில் தெரிந்துவிடும்.

பத்திரத்தில் ஒரு தொகை, கையில் ஒரு தொகை என்பதும் நமக்குப் பழகிவிட்டது. வழிகாட்டி மதிப்புக்கு எழுதிவிட்டு மீதியைப் பையில் வாங்குகிறோம். எல்லோரும் செய்வதால் அது பொய் இல்லாமல் போய்விடாது. கையெழுத்துப் போடும் விரல் நம்முடையது.

வாங்கும் இடத்தில் பணம் பற்றவில்லை என்றால், “பத்து லட்சம்தானே, வங்கியில் வாங்கிக்கொள்ளலாம்” என்று ஷைத்தான் பக்கத்தில் வந்து நிற்பான். இருபத்தாறு வருடம் வெயிலில் சம்பாதித்த ஹலாலை வட்டியில் கொண்டு போய்க் கலக்காதீர்கள். இரண்டு பிளாட்டுக்குப் பற்றாவிட்டால் ஒன்று போதும்.

ஜகாத்தையும் சேர்த்துக் கணக்கிடுங்கள். வாடகைக்கு விட்டிருக்கும் வீட்டின் மதிப்புக்கு ஜகாத் இல்லை, மிஞ்சும் வாடகைப் பணம் நிஸாபை அடைந்து வருடம் நிறைந்தால் உண்டு என்பது பெரும்பாலான அறிஞர்களின் கருத்து. ஆனால் விற்றவுடன் அது பணமாகிவிடுகிறது. ஹனஃபி மத்ஹபின்படி, நிஸாப் உள்ளவருக்கு அவருடைய ஜகாத் நாள் வரும்போது அது கையிலிருந்தால் இரண்டரை சதவீதம் கொடுக்க வேண்டும். 70 லட்சத்துக்கு 1,75,000 ரூபாய். ஷாஃபி மத்ஹபின்படி அந்தப் பணத்துக்கென ஓராண்டு நிறைய வேண்டும். புதிய பிளாட்டை விலை ஏறினால் விற்பதற்கென்றே வாங்கினால் அது வியாபாரப் பொருள். அதன் மதிப்புக்கே வருடந்தோறும் ஜகாத் வரும். உங்கள் நிய்யத் என்ன என்று வாங்கும்போதே தெளிவாக இருங்கள்.

எதற்காகப் போகிறோம்?

கடைசியாக, அந்தத் தாளின் வருமானக் கணக்கு. ஏழு வீட்டுக்கு 3,500 வீதம் இப்போது 24,500 வருகிறது. இரண்டு பிளாட்டுக்கு 15,000 வீதம் 30,000 வரும் என்று எழுதியிருந்தார். அங்கே பராமரிப்புக் கட்டணம் பிளாட்டுக்கு 2,500 என்று வைத்தால் 5,000 போய்விடும். கையில் 25,000. கூடுவது மாதம் 500 ரூபாய். ஒரு பிளாட் இரண்டு மாதம் காலியாகக் கிடந்தால் அதுவும் இல்லை. பத்திரச் செலவு, தரகு, வரி தனி. இந்தக் கணக்கை நான் சொன்னபோது அவரே சிரித்துவிட்டார்.

“அப்போ விற்க வேண்டாமா?” என்று கேட்டார். நான் அப்படிச் சொல்லவில்லை. பிள்ளைகளின் பக்கத்தில் இருக்க வேண்டும் என்பது நல்ல நிய்யத். உடம்பு முடியாதது உண்மையான காரணம். ஏழு வீட்டையும் கவனிக்க முடியாமல் கசியும் கூரைக்குக் கீழே மனிதர்களை வைத்து வாடகை வாங்கிக்கொண்டிருப்பதைவிட, கவனிக்கக்கூடிய ஒருவரிடம் முறையாக ஒப்படைப்பது நல்லது. ஆனால் “அங்கே போனால் நிம்மதி” என்று எண்ணுகிறீர்களே, அந்த நிம்மதி வீட்டின் விலாசத்தில் இல்லை. யாருடைய ஹக்கும் கழுத்தில் இல்லாதவர் மேலப்பாளையத்திலும் நிம்மதியாகத் தூங்குவார்.

உமர் (ரலி) அவர்களுக்குக் கைபரில் நிலம் கிடைத்தது. அதைவிட மதிப்பான சொத்து தமக்குக் கிடைத்ததே இல்லை என்றார்கள். அப்போது என்ன செய்தார்கள்? விலை விசாரிக்கப் போகவில்லை. நபி (ஸல்) அவர்களிடம் போய், இதை என்ன செய்யட்டும் என்று கேட்டார்கள். நிலத்தை நிறுத்தி வைத்து, விளைச்சலைத் தர்மம் செய்யலாம் என்று வழி காட்டப்பட்டது. விற்கக் கூடாது, அன்பளிப்பாகக் கொடுக்கக் கூடாது, வாரிசுக்குப் போகக் கூடாது என்ற நிபந்தனையோடு அது வக்ஃப் ஆனது. ஏழு வீட்டில் ஒரு வீட்டின் வாடகையாவது நம் மவ்த்துக்குப் பிறகும் நமக்காகப் பேசட்டும் என்று நினைத்தால், அந்த வழி இன்றும் திறந்திருக்கிறது.

முடிவெடுக்கும் முன் மஷ்வரா செய்யுங்கள். தரகரிடம் மட்டுமல்ல, இந்த விற்பனையால் லாபம் அடையாத ஒருவரிடமும் கேளுங்கள். மனைவியிடம் கேளுங்கள். பிறகு இரண்டு ரக்அத் தொழுது இஸ்திகாரா செய்யுங்கள். குர்ஆனின் அத்தியாயத்தைக் கற்றுத் தருவது போல நபி (ஸல்) அவர்கள் இஸ்திகாராவைக் கற்றுத் தந்ததாக ஜாபிர் (ரலி) சொல்கிறார்கள். கனவுக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. இது எனக்கு நன்மையானால் எளிதாக்கு, தீமையானால் என்னைவிட்டுத் திருப்பிவிடு என்று ஒப்படைத்துவிட்டு, சரியெனப் படுவதைச் செய்யுங்கள். ஆனால் ஒன்று. தங்கைக்குப் பங்கு கொடுக்கலாமா என்று இஸ்திகாரா செய்யாதீர்கள். அல்லாஹ் முடிவு சொல்லிவிட்ட விஷயத்தில் மறுபடி கேட்பதற்கு ஒன்றுமில்லை.

அந்தச் சகோதரர் இன்னும் விற்கவில்லை. விற்பாரா என்றும் எனக்குத் தெரியாது. போன வாரம் தென்காசிக்குத் தங்கை வீட்டுக்குப் போய், அந்தத் தாளை அவர் முன் வைத்துக் கணக்குச் சொல்லிவிட்டு வந்திருக்கிறார். “முதல்ல அவ நம்பல ஹஜ்ரத். அப்புறம் அழுதுட்டா” என்றார்.

உங்கள் வீட்டிலும் ஒரு பத்திரம் பீரோவில் இருக்கும். இன்று ஜும்ஆ முடிந்து வீட்டுக்குப் போனதும், விற்கும் எண்ணம் இருந்தாலும் இல்லாவிட்டாலும், அதை ஒருமுறை எடுத்துப் பாருங்கள். அதில் பெயர் இல்லாத, ஆனால் பங்கு உள்ள யாராவது இருக்கிறார்களா என்று யோசியுங்கள். அவர்கள் உயிரோடு இருக்கும்போதே, நாமும் உயிரோடு இருக்கும்போதே கொடுத்துவிடுவோம்.

யா அல்லாஹ்! எங்கள் சம்பாத்தியத்தை ஹலாலாக்குவாயாக. எங்கள் வீடுகளில் பரக்கத் செய்வாயாக. பிறருடைய ஹக்கைச் சுமந்துகொண்டு உன்னிடம் வருவதிலிருந்து எங்களைப் பாதுகாப்பாயாக. ஆமீன், யா ரப்பல் ஆலமீன்.

வஆகிரு தஃவானா அனில் ஹம்துலில்லாஹி ரப்பில் ஆலமீன்.